கேடி வேலை

தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-ல் மராட்டியர்களிடமிருந்து விலைக்கு வாங்கியது. செயின்ட் டேவிட் கோட்டை என்று பேர் வைத்தார்கள். அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் என்று இருக்கிறதே, அந்தப் பேருக்கு உரியவர். கோட்டையோடு சேர்த்துச் சுற்றியிருந்த நிலமும் விற்பனை. எவ்வளவு நிலம் என்பதற்குக் கயிறு பிடிக்கவில்லை, சங்கிலி போடவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுடுவது, குண்டு போய் எங்கே விழுகிறதோ அதுவரைக்கும் கம்பெனி நிலம். இதுதான் பேச்சு. அப்படியே திசைக்குத் திசை சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் மாட்டிய ஊர்களுக்குக் குண்டுக் கிராமங்கள் என்று பேர் வந்தது. குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் ஓர் ஊர் இருக்கிறது. குண்டு சாலை இருக்கிறது. அந்தக் குண்டுதான் இந்தக் குண்டு என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள்.

சரித்திரப் புத்தகங்களில் இதை ஒரு வேடிக்கை போல எழுதுகிறார்கள். வாத்தியார்களும் வகுப்பில் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். விற்றவன் பேர் இருக்கிறது, வாங்கியவன் பேர் இருக்கிறது, சுட்ட பீரங்கியைப் பற்றிக்கூட இருக்கிறது. குண்டு விழுந்த இடத்தில் குடியிருந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்டதாக நான் படித்த எதிலும் இல்லை. ஊரோடு சேரியும், சேரியோடு ஆளும், ஆளோடு மாடும் கைமாறியது. கோட்டையை 1758-ல் பிரெஞ்சுக்காரன் பிடித்து இடித்துப் போட்டான். இப்போது அங்கே இருப்பது கொஞ்சம் செங்கல்தான். அந்தக் கோட்டைக்கு எட்டின தூரத்தில்தான் நான் படித்த அரசுக் கல்லூரி.

கல்லூரியில் இதைக் கேட்ட புதிதில் எங்கள் சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "இதுல இன்னாடா இருக்குது. அடிச்சிப் பாத்து எது வரிக்கும் போவுதோ அது வரிக்கும் தன்னுதுன்றான். அதே ஆட்டத்தத்தான் நான் தெனமும் பாக்கறேன். குண்டு சின்னதாப் பூட்டுது, அவ்ளோதான்" என்றார்.

சித்தப்பா கோல்ப் மைதானத்தில் பை தூக்கியவர். முப்பது வருஷத்துக்கு மேல். எந்த ஊர், எந்தக் கிளப் என்று எழுதவில்லை. அங்கே இன்னும் நம் பிள்ளைகள் தூக்குகிறார்கள். அவர்கள் பிழைப்பில் மண்ணைப் போட எனக்கு உரிமை இல்லை.

அந்த வேலைக்கு இங்கிலீஷில் கேடி என்று பேர். நம் ஊரில் கேடி என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ ஒட்டிப் பட்டியல் வைத்திருக்கிற ஆள். சித்தப்பா முதல்முதலாகப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது "கேடியா இருக்கேன்" என்று சொல்லி, ஆயா வாசலிலேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாளாம். "பட்டணத்துக்குப் போயி இந்தப் பேரத்தான் வாங்கிக்கினு வந்தியா." பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே சங்கடம். கடைசியில் "விளையாட்டு ஆபீசுல வேல" என்று சொல்லித்தான் சித்தியைக் கட்டினார். இரண்டு சொல்லும் வேறு வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வெள்ளைக்காரன் விட்டுப்போன இரண்டு சொல்லும் ஒரே ஆள் மேல் வந்து உட்கார்ந்ததை நான் வெறும் தற்செயல் என்று விட்டுவிட மாட்டேன்.

கோல்ப் ஆட்டத்தைப் பார்க்காத தோழர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதினெட்டு குழி. ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவில் சில இடத்தில் கால் மைல் தூரம். கோழிமுட்டையைவிடச் சின்னதான ஒரு வெள்ளைப் பந்தை அடித்து அடித்துக் கொண்டுபோய் ஒவ்வொரு குழியிலும் தள்ள வேண்டும். யார் குறைந்த அடியில் முடிக்கிறானோ அவன் ஜெயித்தான். பதினாலு மட்டை வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். தூரத்துக்கு ஒன்று, மணலிலிருந்து எடுக்க ஒன்று, உருட்ட ஒன்று. அந்தப் பதினாலையும் பையில் போட்டுத் தோளில் மாட்டி, ஒரு சுற்றுக்கு ஆறேழு கிலோமீட்டர் பின்னாலேயே நடப்பவன் கேடி. தூக்குவது மட்டும் என்றால் கழுதை போதும். பந்து எங்கே விழுந்தது என்று கண் வைத்துப் பார்க்க வேண்டும். இங்கிருந்து எத்தனை கெஜம், காற்று எந்தப் பக்கம், எந்த மட்டை கேட்கும் என்று சொல்ல வேண்டும். மட்டை பட்டுப் பெயர்ந்த புல்திட்டைத் திரும்ப எடுத்துவந்து அதே இடத்தில் பதித்து மிதிக்க வேண்டும். மணல்குழியில் ஐயா இறங்கி ஏறின கால்தடத்தை வாரி சமப்படுத்த வேண்டும். பந்தைத் துடைத்துத் தர வேண்டும்.

சித்தப்பாவுக்கு அந்த மைதானம் உள்ளங்கை மாதிரி. மழை பெய்தால் எந்த மேட்டில் ஈரம் நிற்கும், எந்த இடத்தில் பந்து இடது பக்கம் இழுக்கும், எந்த மரத்துக்குப் பின்னால் சாரைப்பாம்பு இருக்கும், எல்லாம் தெரியும். ஒரு நெல்வயலை நம் பெரியவர்கள் தெரிந்துவைத்திருந்தது மாதிரிதான். உழுதவனுக்கு வயல் எப்படிச் சொந்தமில்லையோ அப்படியே இவருக்கும் அது சொந்தமில்லை. ஐயா ஜெயித்தால் ஐயாவின் திறமை. தோற்றால் "தப்பு மட்டையைக் குடுத்துட்டான்."

குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டி, பாய் விரித்த மாதிரி வைத்திருப்பார்கள். கிரீன் என்பார்கள். அங்கே ஒருவர் பந்தை உருட்டப் போகும்போது பேசக்கூடாது, அசையக்கூடாது, பந்து உருளப்போகிற வழியை மிதிக்கக்கூடாது. நிழலும் அந்த வழியில் விழக்கூடாது. எனக்கு இதைச் சொன்னபோது சித்தப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் உடனே, "இது நமக்குன்னு போட்ட சட்டம் இல்லடா. ஆடறவனுக்கும் அதே சட்டந்தான். ஜட்ஜே ஆடினாலும் நெழல ஒதுக்கிக்கினுதான் நிக்கணும்" என்றார்.

அது உண்மை. ஆட்டத்தின் மரியாதை விதி அது, உலகம் பூராவும் உண்டு. சாதி தெரியாத தேசத்தில் எழுதினது. ஆனால் அவரே இன்னொன்றும் சொன்னார். புதிதாக வேலைக்கு வருகிற பையன்களில் இந்த விஷயத்தைச் சிலருக்கு மாசக்கணக்கில் கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருக்கும், சிலருக்கு ஒருதரம் சொன்னால் போதும். அந்த ஒருதரம் போதுமான பையன்கள் யார் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பீடி பற்றவைத்தார். ஊர்த்தெருவில் கூலிக்குக் காத்து நிற்கும்போது வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நிற்கணும் என்பது எங்கள் ஆயா காலத்துப் பாடம். பள்ளிக்கூடத்துக்குப் போகாமலே பாஸ் பண்ணின பாடம்.

எனக்குப் பன்னிரண்டு வயதில், 1985 கோடை லீவில், சித்தப்பாவோடு போய் ஒரு மாசம் இருந்தேன். மைதானத்துக் குட்டையில் விழுந்த பந்துகளை முங்கி எடுக்கிற வேலை. பத்துப் பந்துக்கு ஒரு ரூபாய். கெடிலம் ஆற்றில் நீந்திப் பழகின எனக்கு அது வேலையே இல்லை. சேற்றில் கால் விரலால் துழாவி எடுத்துவிடுவேன். ஒரு நாள் தாகத்துக்குக் கிளப் கட்டடத்துத் திண்ணையை ஒட்டியிருந்த குழாயில் கையை வைத்துவிட்டேன். ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டது கிளப் மெம்பர் யாரும் இல்லை, அங்கே வேலை பார்த்த பேரர். "கேடி பைப்பு பின்னாடி கீதுடா" என்றான்.

பின்னால் போனேன். கார் ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழாய். அதுதான் கேடி பைப்பு. அதில் பறையன் பைப்பு என்று எழுதவில்லை. கேடிகளில் எல்லாரும் நம் ஆட்களும் இல்லை. முஸ்லிம் பையன்கள் இருந்தார்கள், மீன்பிடிக் குப்பத்துப் பையன்கள் இருந்தார்கள், ஊர்த்தெருக்காரர்களும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர்களும் அந்தக் குழாயில்தான் தண்ணீர் பிடித்தார்கள். ஆனால் ஊர்த்தெருக்காரர்கள் ஆளுக்கு ஒரு டம்ளர் கொண்டுவந்து ஷெட்டின் மேல்விட்டத்தில் செருகி வைத்திருந்தார்கள். நாங்கள் கையில் பிடித்துக் குடித்தோம். கிளப் எங்கள் எல்லாரையும் ஒரே பைப்பில் நிறுத்தியது, அந்த பைப்பிலேயே சேரியும் ஊரும் மறுபடி பிரிந்து நின்றது. இதில் எந்த மெம்பரும் வாய் திறந்து ஒரு சாதிப் பேரைச் சொன்னதில்லை. அவர்களுக்கு அதற்கு அவசியமே வரவில்லை.

கிளப் என்பதே யாரை உள்ளே விடக்கூடாது என்று தீர்மானிப்பதற்காகக் கட்டின இடம்தான். வெள்ளைக்காரன் தனக்கென்று ஒன்று கட்டி இந்தியனை வெளியே நிறுத்தினான். வெளியே நின்ற இந்தியப் பெரிய மனிதர்கள் தமக்கென்று தனியாகக் கட்டிக்கொண்டார்கள். சென்னையில் காஸ்மாபாலிடன் கிளப் 1873-ல் தொடங்கியது. நந்தனத்தில் அதன் கோல்ப் மைதானம் இன்றும் இருக்கிறது. அவமானப்பட்டவன் அந்த அவமானத்தை ஒழிக்கவில்லை, தனக்குக் கீழே இருப்பவனுக்குக் கைமாற்றிவிட்டான். இதை வெள்ளைக்காரன் வந்துதான் அவனுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பதில்லை. 2017-ல் டில்லி கோல்ப் கிளப்பில் மேகாலயாவைச் சேர்ந்த காசிப் பெண் ஒருவர், தன் சமூகத்து உடையான ஜெயின்செம் உடுத்தி விருந்துக்கு வந்திருந்தார். பார்த்தால் வேலைக்காரி மாதிரி இருக்கிறது என்று சொல்லி அவரை எழுந்துபோகச் சொன்னார்கள். பத்திரிகைகளில் எல்லாம் வந்தது.

உடை விஷயம் பேச ஆரம்பித்தால் நிறையப் பேசலாம். 1930-ல் ராமநாதபுரம் பக்கத்தில் ஆதிக்க சாதியினர் நம் மக்களுக்கு எட்டுத் தடை போட்டார்கள். முழங்காலுக்குக் கீழே துணி கட்டாதே, சட்டை போடாதே, செருப்பு போடாதே, குடை பிடிக்காதே என்று. கோல்ப் கிளப்பில் போனால் காலர் வைத்த சட்டைதான் போட வேண்டும், செருப்பு கூடாது, ஷூ வேண்டும். 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. தமிழனின் மானம் போயிற்று என்று சட்டசபை கொதித்தது. அடுத்த மாதமே சட்டம் வந்துவிட்டது, வேட்டி கட்டியவரைத் தடுக்கக்கூடாது என்று. நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. வேட்டியை இறக்கிக் கட்டியதற்காக அடிபட்டவர்களுக்கு எந்தச் சட்டசபையும் ஒரு மாதத்தில் கொதித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இனி நிலத்துக்கு வருகிறேன்.

கிண்டி ரேஸ் மைதானத்தை எல்லாருக்கும் தெரியும். 160 ஏக்கர் 86 சென்ட். நம் பக்கத்துக் கணக்கில் 24 வேலி. 1945-ல் சென்னை ரேஸ் கிளப்புக்கு 99 வருஷக் குத்தகை. ஆண்டு வாடகை 614 ரூபாய் சில்லறை. மாச வாடகை இல்லை, ஆண்டு வாடகை. அந்த ரேஸ் பாதைக்குள்ளேயே மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் கோல்ப் மைதானமும் இருந்தது. 1970-க்குப் பிறகு அரசு வாடகையை உயர்த்தியது, கிளப் ஒப்புக்கொள்ளவில்லை, வழக்கு. 730 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி என்று 2023-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. ரேஸ் கிளப் திரும்பவும் நீதிமன்றம் போனது. ஊட்டியிலும் அதே வருஷம் ரேஸ் மைதானத்தை அரசு எடுத்துக்கொண்டது.

அதே ஊட்டியில் ஜிம்கானா கிளப்பின் கோல்ப் மைதானம் இருக்கிற புல்வெளிக்கு வென்லாக் டவுன்ஸ் என்று பேர். ஒரு காலத்தில் தோடர்கள் எருமை மேய்த்த மலை. வென்லாக் பிரபு 1891-லிருந்து 1896 வரை மதராஸ் கவர்னர். நம் இயக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்த வருஷங்கள் வேறொன்றை ஞாபகப்படுத்த வேண்டும். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதியது 1891. அதை வைத்துப் பஞ்சமி நிலங்களை ஒதுக்கி ஆணை வந்தது 1892. இந்த வென்லாக்கின் ஆட்சியில்தான். 12 லட்சம் ஏக்கர் என்று சொல்கிறார்கள். பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் நம்மவர்களுக்குள்ளேதான் விற்கலாம் என்று நிபந்தனை. கவர்னர் பேரில் இருக்கிற புல்வெளி பத்திரமாக இருக்கிறது. கவர்னர் ஆட்சியில் கொடுத்த நிலம் எங்கே?

எங்கள் ஆயா ஒரு சவுக்குத் தோப்பைக் காட்டுவாள். கடற்கரை மணல் ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது. "அது ஒங்க பாட்டன் நெலம். மல்லாட்ட போட்டோம். ஒரு கல்யாணக் கடனுக்குக் கைநாட்டு வெச்சாரு." வாங்கியவர்கள் நம்மவர்கள் இல்லை. நிபந்தனைப்படி அந்தக் கைநாட்டு செல்லாது. அப்பா தாலுகா ஆபீசுக்கு நடந்தார், நான் நடந்தேன். ரெக்கார்டு இல்லை என்றார்கள், ரெக்கார்டு இருக்கிறது ஆனால் பஞ்சமி என்று குறிப்பு இல்லை என்றார்கள், பிறகு அந்த ஆபீசர் மாறிவிட்டார் என்றார்கள். ஒரு ஏக்கர் இருபது சென்ட். அதற்கு ஒரு நாளும் சீல் வைக்க யாரும் வரவில்லை. காரணை பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடினவர்கள் மேல் 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்துப்போனார்கள். 24 வேலிக்குப் பாக்கி வைத்தவர்களோடு அரசு ஐம்பது வருஷம் வக்கீல் வைத்துப் பேசியது. நிலத்தைக் கேட்டவர்களோடு துப்பாக்கி வைத்துப் பேசியது.

அமெரிக்கக் கறுப்பர்கள் கதையும் நம் கதை மாதிரிதான் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். இந்த விஷயத்தில் அது அச்சு அசலாகவே இருக்கிறது. தெற்கில் வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ என்று ஒரு ஊர். அங்கே மக்கள் பணத்தில் போட்ட நகராட்சி கோல்ப் மைதானத்தை, கறுப்பர்களை உள்ளே விடாமல் இருப்பதற்காகவே ஒரு தனியார் கிளப்புக்குக் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகைத் தொகை ஒரு டாலர். 614 ரூபாய் ஞாபகம் வருகிறதா? 1955 டிசம்பர் 7-ல், ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் எழுந்துகொடுக்க மாட்டேன் என்று சொன்ன ஆறாவது நாள், ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற பல் டாக்டரும் இன்னும் ஐந்து பேரும் உள்ளே போனார்கள். மெம்பருக்கு மட்டும் என்றான் மேனேஜர். வெள்ளைக்காரர்கள் மெம்பர் ஆகாமலே காசு கொடுத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். இவர்களும் ஆட்டக் கட்டணத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய் ஆடினார்கள். அத்துமீறி நுழைந்ததாகக் கைது. இன்னொரு வழக்கில் மைதானத்தை எல்லாருக்கும் திறக்கச் சொல்லித் தீர்ப்பு வந்ததும் கிளப் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. நகராட்சி மைதானத்தையே மூடிப்போட்டது. கறுப்பன் கால் படுவதைவிடப் புல் காய்ந்துபோகட்டும் என்று. 1962 கடைசியில்தான் திறந்தார்கள். ஜார்ஜியாவில் அகஸ்டா என்ற இடத்தில் இருக்கிற பேர்பெற்ற கிளப்பில் 1982 வரைக்கும் பெரிய போட்டியில் பை தூக்கியவர்கள் எல்லாம் வெள்ளை அங்கி மாட்டின கறுப்பர்கள். அங்கே முதல் கறுப்பு மெம்பர் சேர்ந்தது 1990-ல்.

சித்தப்பாவுக்கு முட்டி போய்விட்டது. மாடி ஏற முடியாது. பி.எப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, ஒரு நாள் லீவுச் சம்பளம் இல்லை. ஏனென்றால் அவர் கிளப் ஊழியரே இல்லை. எந்த மெம்பர் கூப்பிடுகிறாரோ அன்றைக்கு அவருடைய ஆள். பதிவு நோட்டில் பேர் உண்டு, பேட்ஜ் நம்பர் உண்டு, தப்பு செய்தால் மூன்று நாள் கேட்டுக்கு வெளியே நிறுத்துகிற தண்டனை உண்டு, ஆனால் வேலை மட்டும் கிடையாது. ஊழியராகவே இருந்தாலும் என்ன கிடைத்திருக்கும் என்பது வேறு கதை. மெட்ராஸ் ஜிம்கானா கிளப் தொழிலாளர்கள் போனஸ் கேட்டுப் போட்ட வழக்கில், கிளப் என்பது தொழிலே இல்லை, மெம்பர்கள் தங்களுக்குத் தாங்களே நடத்திக்கொள்வது, ஆகவே தொழில் தகராறு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று 1967-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1978-ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் கிருஷ்ணய்யர் எழுதின தீர்ப்புதான் அதைத் தள்ளிப்போட்டது. நடுவில் பதினோரு வருஷம். துடைக்கிறவன், பெருக்குகிறவன், சமைக்கிறவன் எல்லாரும் எதில் இருந்தார்கள் என்றால் தொழிலில் இல்லை, வேறு எதிலோ இருந்தார்கள்.

இது வரைக்கும் எழுதினதை வைத்துப் போன வருஷம் சிதம்பரத்தில் மாணவர்கள் நடத்தின ஒரு கூட்டத்தில் பேசினேன். பேசி முடித்ததும் ஒரு தோழர் எழுந்து, கோல்ப் மைதானங்களை எல்லாம் உழுது நிலமில்லாதவர்களுக்குப் பிரித்துக்கொடுக்க வேண்டும் என்றார். கைதட்டல். இன்னொரு தங்கை எழுந்து, "ஏன், நம்ம பசங்க ஆடக்கூடாதா?" என்றாள். அதற்குக் கொஞ்சம் பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. நந்தன் சிதம்பரத்துக்குப் போகணும் என்றபோதும் இப்படித்தான் சிரித்திருப்பார்கள், உழவு கிடக்க உனக்கென்னடா தரிசனம் என்று.

ஏனென்றால் சித்தப்பாவுக்கு அந்த ஆட்டம் பிடிக்கும். இதை எந்தக் கோட்பாட்டில் கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. திங்கட்கிழமை கிளப்புக்கு லீவு. அன்றைக்குக் காலையில் மட்டும் கேடிகள் ஆட விடுவார்கள். மெம்பர்கள் தூக்கிப்போட்ட மட்டை, குட்டையில் எடுத்த பந்து. ஒரே மட்டையை நாலு பேர் மாற்றி மாற்றி அடிப்பார்கள். காலர் சட்டை கிடையாது, ஷூ கிடையாது, வெறுங்கால். நான் பார்த்திருக்கிறேன். சித்தப்பா அடித்தால் பந்து மேலே போய், ஒரு நிமிஷம் அங்கேயே நின்று யோசித்துவிட்டு இறங்குகிற மாதிரி இருக்கும். அன்றைக்கு அவர் நின்ற நிலை நான் வேறெங்கும் பார்க்காத நிலை. ஊரில் பண்ணை வீட்டு வாசலில் நிற்கிறபோது அவருக்கு அவ்வளவு உயரம் கிடையாது. அன்றைக்கு அவர் நிழல் எங்கே விழுகிறது என்று அவர் பார்க்கவே இல்லை.

டில்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓப்பன் ஜெயித்தார். இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர்களில் அதை ஜெயித்த முதல் ஆள் அவர்தான். 1993-ல் திரும்பவும் ஜெயித்தார். சித்தப்பா அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து வெட்டி, அம்பேத்கர் காலண்டருக்குப் பக்கத்தில் சோற்றுப்பசை தடவி ஒட்டிவைத்திருந்தார். "நம்ம வேலக்காரன்டா" என்பார். நம்ம சாதிக்காரன் என்று சொல்லவில்லை, நம்ம வேலைக்காரன். கூரை மாற்றும்போது அது கிழிந்துபோயிற்று.

இப்போது அவர் ஊரோடு வந்துவிட்டார். கிண்டியில் சீல் வைத்த செய்தி வந்த அன்றைக்குப் பேப்பரை எடுத்துப்போய்ப் படித்துக் காட்டினேன். 614 ரூபாய் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி இன்னொருதரம் படிக்கச் சொன்னார். வருஷத்துக்கா என்று கேட்டார். வருஷத்துக்குத்தான் என்றேன். தான் குடியிருந்த ஒற்றை அறைக்கு மாசம் எவ்வளவு கொடுத்தார் என்று விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அங்கே பை தூக்கின பசங்களுக்கு என்ன ஏற்பாடு என்று போட்டிருக்கிறதா என்று கேட்டார். அதைப் பற்றி ஒன்றும் போடவில்லை என்றேன். அரசு அங்கே மக்களுக்குப் பசுமைப் பூங்கா வைக்கப்போகிறது என்று சொன்னதையும் அவருக்குச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"உள்ள போவறதுக்கு டிக்கெட் எவ்ளோன்னு போட்டிருக்கானா, பாரு."